எண்பதில் நடுங்கிய கை

பௌதிகம் படித்தவனிடம் வாகனத்தைக் கழுவக் கொடுக்காதீர்கள். தள்ளக் கொடுக்கலாம், பெற்றோல் அடிக்க அனுப்பலாம், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஓடக்கூடக் கொடுக்கலாம். கழுவ மட்டும் கொடுக்காதீர்கள். கழுவுகிறவன் கிட்டத்தில் நின்று பார்ப்பான். கிட்டத்தில் நின்று பார்த்தால் சந்தேகம் வரும். பௌதிகம் படித்தவனுக்குச் சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் கேட்கமாட்டான், தானே தீர்த்துக்கொள்வான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் மாமாவின் பிக்கப்பில் படித்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டு, கொடிகாமத்தில் மனைவி பவானியின் வீட்டில் இருந்தேன். பவானியின் அப்பாவைத்தான் மாமா என்கிறேன். வயது அறுபத்திநாலு. கொடிகாமம் சந்தையில் விடியற்காலை மரக்கறி ஏற்றி, ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கதைப்பது குறைவு, ஓடுவது வேகம். அவருடைய பழைய வெள்ளை பிக்கப் அந்த வீட்டில் எனக்கு முன்பே வந்து சேர்ந்த பிள்ளை. மரியாதையும் அதற்குத்தான் கூட.

அந்த மரியாதையில் கொஞ்சம் எனக்கும் வேண்டுமென்று ஆசைப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். விஜயதசமிக்கு வாகனத்துக்குப் பூசை. முதல்நாள் பின்னேரம் மாமா வாளியும் துணியுமாக வந்தபோது, "விடுங்கோ மாமா, நான் கழுவிறன்" என்று பறித்துக்கொண்டேன். மாமா கொஞ்சம் தயங்கினார். (அந்தத் தயக்கத்தை மதித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

நான் கழுவினால் சும்மா கழுவமாட்டேன். பழைய பல்தூரிகை கொண்டு சில்லின் ஆணி ஆணியாகத் தேய்த்தேன். அப்போதுதான் கண்டேன்: முன் சில்லுகள் இரண்டின் விளிம்பிலும் சுண்டுவிரல் நீளத்தில் சாம்பல் நிறத் துண்டுகள் கவ்விக்கொண்டிருந்தன. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு. நகத்தால் கீறிப் பார்த்தேன், மெத்தென்று கீறுபட்டது. ஈயம். ஈயத்தின் அடர்த்தி எவ்வளவு என்பது உடனே ஞாபகத்துக்கு வந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விதான் வரவில்லை. முந்தின சொந்தக்காரர் ஏதோ ஒட்டுப் போட்டிருக்கிறார், சந்தனப் பொட்டு வைக்கிற இடத்தில் பார்க்க வடிவில்லை என்று முடிவு செய்து, ஸ்குரூட்ரைவர் கொண்டுவந்து ஐந்தையும் நெம்பி எடுத்தேன். பின் சில்லுகளில் கை வைப்பதற்குள் மாமி வடை சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வடைக்கு நான் இன்றைக்கும் நன்றியுடையவன்.

ஈயத்தை எறிய மனம் வரவில்லை. என்னோடு கணிதம் படிப்பிக்கும் சகாயம் மாஸ்டர் கொழும்புத்துறைக்காரர், சனி ஞாயிறில் தூண்டில் போடுகிறவர். தூண்டில் கயிறு தாழ ஈயம் வேண்டும். அவரிடம் கொடுத்தேன். அவர் சந்தோசப்பட்டு அடுத்த திங்கட்கிழமை ஒரு கோர்வை ஓரா மீன் கொண்டுவந்து தந்தார். மாமி குழம்பு வைத்தார். மாமா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகன் என்ற வகையில் அன்றைக்கு எனக்கு நல்ல பெயர்.

ஆனால் அந்தக் குழம்புக்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது. பூசை முடிந்து எலுமிச்சம்பழம் நசித்துப் புறப்பட்ட முதல் ஓட்டத்திலிருந்து திரும்பி வந்த மாமா, வாகனத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தார்.

"என்ன மாமா?"

"எண்பதைத் தாண்டேக்கை ஸ்ரியரிங் நடுங்குது தம்பி. முந்தி இப்பிடி இல்லை."

அவர் இதை என்னிடம் சொன்னதும் எனக்குள் ஒரு பேராசிரியர் எழும்பி உட்கார்ந்தார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் பாக்கிறன்" என்றேன். அன்றிரவே ஒரு கொப்பியில் கோடு போட்டுத் தலைப்பு எழுதினேன்: அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு. பவானி எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, உதை மெக்கானிக்கிட்டைக் காட்டினால் என்ன?" என்று கேட்டாள். விஞ்ஞானத்தின் பாதையில் குடும்பம் எப்போதும் இப்படித்தான் குறுக்கே நிற்கும்.

மெக்கானிக்கிடமும் காட்டத்தான் செய்தேன். மிருசுவில் பக்கம் ஒருவர். வாகனத்தை உயர்த்தி, சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, கீழே படுத்து எல்லா மூட்டுகளையும் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இறுக்கமாய்க் கிடக்கு சேர். ரயருக்குக் காத்தும் சரி. வீல் பலன்ஸ் பாத்தனீங்களோ?"

நான் சிரித்தேன். வகுப்பில் தப்பான விடை சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. "ரயர் மாத்தேல்லை, ஆணி ஏறேல்லை, சில்லைக் கழட்டவே இல்லை. பலன்ஸ் தன்ரைபாட்டிலை எங்கை போகும்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைத் துடைத்தார், "சரி சேர்" என்றார். பலன்ஸ் எங்கே போனதென்று உங்களுக்குத் தெரியும். கொழும்புத்துறைக் கடலுக்குள் தூண்டில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது பரிசோதனை ஓட்டம். நான் ஓடினேன், மாமா பக்கத்தில் இருந்தார். கொடிகாமத்திலிருந்து பளை வரை போய்த் திரும்பினோம். என் கையில் ஸ்டியரிங் அப்படியே இருந்தது, ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. காரணம், நான் அறுபதுக்கு மேல் போகவில்லை. (சட்டத்தை மதிப்பவன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம்.)

"இன்னும் கொஞ்சம் அமத்துங்கோ தம்பி. எண்பதிலைதான் வரும்."

"அறுபதிலை இல்லாதது எண்பதிலை எங்கையிருந்து மாமா வரும்?"

ஒரு பொருள் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஏன் அதிரும் என்பது உயர்தரப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை அந்தத் தவணையில் நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சையும் வைத்தேன், எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். வாகனத்தில் பிழை இல்லையென்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நான் ஓடினால் நடுக்கம் இல்லை. மாமா ஓடினால் நடுக்கம். மாறுகிற காரணி ஒன்றுதான். 'முடிவு' என்ற தலைப்பின் கீழே நான் எழுதியதை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது: மாமாவின் கை.

மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போய், "மாமி, ஒரு விசயம் சொல்லுவன், நீங்கள் பதறக்கூடாது" என்றேன். மாமி அந்த இடத்திலேயே பதறிவிட்டார்.

பிறகு நடந்தது எல்லாம் நான் தொடக்கிவைத்துத் தானாக உருண்டது. மாமிக்கு உடனே ஞாபகம் வந்தது: போன கிழமை மாமா தேத்தண்ணி சிந்தினவர். பவானிக்கு ஞாபகம் வந்தது: அப்பா ஊசியில் நூல் கோர்க்கக் கஷ்டப்பட்டவர். (அந்த வயதில் நான் ஊசியையே கண்டுபிடிக்க மாட்டேன்.) பவானியின் அண்ணன் கனடாவிலிருந்து போனில், "அப்பாவை இனி வாகனம் தொட விடாதேங்கோ" என்றார். அடுத்தநாள் லண்டன் அறிந்தது, அதற்கடுத்த நாள் சுவிஸ் அறிந்தது. எல்லோரும் என் கவனத்தைப் பாராட்டினார்கள். "நல்லவேளை, படிச்ச மருமகன் வீட்டோடை இருக்கிறார்" என்று ஒரு சித்தி அழுதுகொண்டே சொன்னார். நான் அடக்கமாக இருந்தேன்.

மாமாவிடம் சொன்னதும் நான்தான். அவர் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்து மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் "அப்பிடியோ" என்றார். பிறகு சாவியை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த பத்து நாளும் பிக்கப் முற்றத்தில் நின்றது. கிளிநொச்சிக் கடைக்காரர் இரண்டுபேர் வேறு ஆளிடம் மரக்கறி எடுக்கத் தொடங்கினார்கள். மாமா தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் வாங்கினார், அதையும் நாங்கள் யாரும் பார்க்காத பக்கம் திரும்பியிருந்து குடித்தார். ஒரு காலை பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டபோது பிக்கப்பின் சாரதி ஆசனத்தில் அவர் இருந்ததைக் கண்டேன். சாவி இல்லை, வாகனம் ஓடவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் என் முடிவில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாவம், நோயைக் கண்டுபிடித்ததோடு விடாமல் வைத்தியமும் பார்க்கவேண்டும் என்றுதான் தோன்றியது. அவ்வளவு நம்பிக்கை என்மேல் எனக்கு.

அடுத்த சனிக்கிழமை சாவகச்சேரியில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நானே பிக்கப்பை ஐம்பத்தைந்தில் ஓடினேன். வழியில் சைக்கிள் தவிர எல்லாம் எங்களை முந்தின.

டொக்டர் ஒரு இளம் பெண். மாமாவை இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். நீட்டிய கைகளின் மேல் ஒரு கடதாசியை வைத்தார். கடதாசியின் ஓரம் கொஞ்சம் ஆடியது. நான் மெல்லத் தலையாட்டினேன். டொக்டர் மின்விசிறியை நிறுத்தினார். கடதாசி அசைவற்று நின்றது.

"ஐயா, எப்பவெப்ப நடுங்கிறது?"

"எண்பதிலை."

டொக்டர் பெயரும் வயதும் எழுதியிருந்த துண்டைப் பார்த்தார். "அறுபத்திநாலு வயசெண்டு போட்டிருக்கு?"

"வயசில்லைப் பிள்ளை. கிலோமீற்றர்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அறுபதிலை நடுங்காதோ?"

"இல்லை."

"வீட்டிலை ரீ குடிக்கேக்கை?"

"எல்லாரும் என்ரை கையையே பாத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் சிந்தும்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆர் இவருக்குக் கை நடுக்கமெண்டு சொன்னது?"

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். மாமா என்னைக் காட்டவில்லை. "வீட்டிலை ஒரு சந்தேகம் பிள்ளை" என்றார்.

"இவருக்கு ஒண்டுமில்லை. ஸ்ரியரிங் நடுங்கினால் ஸ்ரியரிங்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. ரயர்க் கடையிலை பலன்ஸ் பாப்பினம், என்ரை காருக்கும் உப்பிடித்தான் வந்தது." பிறகு என்னைப் பார்த்து, "சேர் என்ன வேலை?" என்று கேட்டார்.

"படிப்பிக்கிறன்" என்றேன். பாடத்தைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மாமா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அவர் கொடிகாமம் பக்கம் திரும்பாமல் யாழ்ப்பாணம் பக்கம் திருப்பினார். கைதடி தாண்டி நாவற்குழி நேர் ரோட்டு வந்ததும் அமத்தினார். எழுபது, எழுபத்தைந்து. முள் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கியது.

"இப்ப உங்கடை கையை ஒருக்கா வையுங்கோ தம்பி."

வைத்தேன். என் முழங்கை வரை ஆடியது. பக்கத்தில் மாமாவின் கை, நடுங்குகிற ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாகனத்தை நேராக வைத்திருந்தது. பத்து நாளாக இந்தக் கைக்குத்தான் நான் நோய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாழ்க்கையில் அந்தளவு வெட்கப்பட்டதில்லை என்று அப்போது நினைத்தேன். இன்னும் அரைமணி நேரத்தில் அதைவிடக் கூட வெட்கப்படப் போகிறேன் என்பது தெரியாது.

யாழ்ப்பாணம் போகிற வழியிலேயே ஒரு டயர்க் கடை. கடைக்காரர் முன் சில்லைக் கழற்றி ஒரு இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றினார். சிவப்பில் ஒரு இலக்கம் வந்தது. மற்றச் சில்லுக்கும் வந்தது. அவர் குனிந்து விளிம்பைத் தடவினார்.

"ஐயா, முன் சில்லு ரெண்டிலையும் ஈயம் இல்லை. பாருங்கோ, இருந்த அடையாளம் கிடக்கு. சில்லு ஒரு பக்கம் பாரம் கூடாமல் சுத்துறதுக்குத்தான் அந்த ஈயம். ஆரோ நெம்பிக் கழட்டியிருக்கினம்."

இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு. நான் அந்த விளிம்பைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"ஆர் உதைக் கழட்டுவினம்?" என்று கேட்டார் மாமா.

"தூண்டில் போடுற ஆக்கள் சிலபேர் கழட்டுறவை ஐயா. கடற்கரைப் பக்கம் எங்கையும் நிப்பாட்டினனீங்களோ?"

மாமா யோசித்தார். அவர் முகம் மெல்ல இறுகுவதைக் கண்டேன். பூசை முடிந்த முதல் ஓட்டத்தில் சகாயம் மாஸ்டர் வீட்டுக்கும் தேங்காய் கொடுக்கப் போனவர். வாசலில்தான் பிக்கப்பை நிறுத்தியிருந்தார்.

"உங்கடை அந்தக் கொழும்புத்துறை மாஸ்டர் தூண்டில் போடுறவர்தானே தம்பி?"

"ஓம் மாமா, ஆனால்..."

"நான் அவரிட்டைத் தேங்காய் குடுக்கப் போனால் அவர் என்ரை சில்லிலை கை வைக்கிறதோ?" மாமா போனை வெளியில் எடுத்தார். அவ்வளவு கோபமாக அவரை நான் கண்டதில்லை. பத்து நாள் வீட்டில் முடங்கியிருந்த மனிதருக்கு ஒருவழியாகக் கோபிக்க ஒரு ஆள் கிடைத்திருந்தது.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் இருக்கவும் நினைத்தேன். சகாயம் மாஸ்டர் எப்படியும் சமாளிப்பார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஒரே மாதத்தில் குற்றமில்லாத இரண்டாவது மனிதரையும் குற்றவாளியாக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"மாமா, போன் எடுக்காதேங்கோ. கழட்டினது நான்."

கடைக்காரர் சுழன்றுகொண்டிருந்த இயந்திரத்தைக் கையால் நிறுத்தினார்.

"நீங்களோ?"

"பூசைக்குக் கழுவேக்கை... ஏதோ ஒட்டெண்டு நினைச்சன். பொட்டு வைக்க வடிவில்லையெண்டு..."

"கழட்டி?"

"சகாயம் மாஸ்டருக்குக் குடுத்தன்."

"பிறகு?"

"அவர் ஓரா மீன் தந்தவர்."

மாமா போனைப் பைக்குள் வைத்தார். "அந்த ஓராவோ?"

"ஓம் மாமா."

"நான் ரெண்டாம் தரம் வாங்கின ஓராவோ?"

"ஓம்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தால், மாமா அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அவர் கல்யாணப் படத்தில்கூடச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கி நிறுத்திவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்:

"உவர் என்ன படிப்பிக்கிறார் தெரியுமோ? பௌதிகம்."

"அப்பிடியே சேர்? என்ரை மகளும் பௌதிகம்தான். எந்தப் பள்ளிக்கூடம் சேர்?"

நான் பக்கத்துக் கடையில் சோடா வாங்கப் போய்விட்டேன்.

புது ஈயம் பொருத்தி முடிய அரைமணி நேரம் எடுத்தது. திரும்பும்போது நாவற்குழியில் மாமா தொண்ணூறில் போனார். ஸ்டியரிங் கல்லுமாதிரி நின்றது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. ஈயத்துக்கில்லை, கைக்கு" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "பத்து நாளா நான் உங்களை நம்பிப்போட்டன் தம்பி. என்ரை கையை நம்பேல்லை. அது என்ரை பிழை" என்றார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடிய அவர் கிளிநொச்சிக்குப் போனார். விலகிப்போன கடைக்காரரில் ஒருவர் அந்தக் கிழமையே திரும்பி வந்தார். மற்றவர் வர ஒரு மாதம் எடுத்தது.

வெளிநாட்டுக்கு மறுப்பு அறிவிக்கும் பொறுப்பு எனக்கு. மாமாவுக்கு நடுக்கம் என்ற செய்தி இரண்டு நாளில் மூன்று நாடு போனது. நடுக்கம் இல்லை என்ற செய்தி எட்டு வருசமாகியும் இன்னும் போய்ச் சேரவில்லை. லண்டன் சித்தி இப்போதும் யாராவது வந்தால் தைலமும் மாத்திரையும் கொடுத்து விடுகிறார். போனில் எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் முதல் கேள்வி மாமாவின் கையைப் பற்றித்தான்.

மாமாவும் அவர்களைத் திருத்துவதில்லை. நான் அறைக்குள் இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுவார்:

"கை சுகம். மருமகன்தான் இடைக்கிடை கொஞ்சம் ஆடுறார்."